ஷார்ட்ஸ்டாப்பின் விலை

"பெரியவரே நம்பணும், ஹெய்டி. அப்படிப் பேசணும் நீ இன்னிக்கு."

ஃப்ளோரிடா ஓட்டலின் வராந்தாவில் நடந்தபடியே சொன்னார் கார்வர். பேஸ்பால் அணியின் மேலாளர் அவர். பெரியவர் என்றது அணியின் முதலாளி ஹேவர்ஃபோர்டை. அந்த அணியின் ஆய்வுப் பிரிவில் ஆறு வருடமாக வேலை பார்த்தும் ஹெய்டி முதலாளியிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கூட்டம் என்றாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"நான் எதுக்கு சார்? வக்கீலே பேசட்டுமே."

"வக்கீலுக்குச் சட்டம் தெரியும். கணக்கு உனக்குத்தானே தெரியும்? கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து உங்க கும்பல் என்ன கிழிக்குதுன்னு பெரியவர் மாசாமாசம் என்னைக் கேட்கறார். இன்னிக்கு ஜெயிச்சுக் கொடு. அப்புறம் உன் பிரிவை எவனும் தொட மாட்டான்."

ஹெய்டி தலையாட்டினாள்.

உள்ளே நீள மேசை. அதன் தலைப்பக்கம், சம்பள வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லும் மூவர். ஒரு பக்கம் அணி. எதிரே அணியின் ஆட்டக்காரன் எலாதியோவும் அவனுக்காகப் பேச வந்த ஏஜெண்ட் பிங்கமும். கடைசி நாற்காலியில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பெரியவர்.

எலாதியோ கேட்ட சம்பளம் ஐம்பத்தெட்டு லட்சம் டாலர். அணி தருவதாகச் சொன்னது நாற்பத்தொரு லட்சம். மூவரும் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். நடுவில் ஒரு தொகை கிடையாது. அதனால் பிப்ரவரி பிறந்தால் இப்படித்தான். கோடை முழுக்கத் தோளில் கை போட்டுக் கொண்டாடிய ஆட்டக்காரனை, அவன் முகத்துக்கு நேரே அணியே மட்டம் தட்டும்.

வக்கீல் தொடங்கினார். "பத்துத் தடவை மட்டை பிடிச்சா ரெண்டு தடவைதான் உருப்படியா அடிக்கிறார். மட்டையை வீட்டிலேயே வெச்சுட்டு வந்திருந்தாலும் ஸ்கோர் பெருசா மாறியிருக்காது."

யாரோ சிரித்தார்கள். எலாதியோ டையை விரலால் தளர்த்திக்கொண்டான்.

பிங்கம் எழுந்தார். "மட்டையடி மோசம்தான். எங்கம்மாவே இவனைவிட நல்லா அடிப்பாங்க. ஆனா இவன் நிக்கற இடம் எது? ஷார்ட்ஸ்டாப். ரெண்டாவது தளத்துக்கும் மூணாவது தளத்துக்கும் நடுவுல, பந்து சீறிக்கிட்டு வர்ற இடம். தடுப்பு மதிப்பெண்ணைப் பாருங்க. நாடே நம்பற கணக்கு அது. இவன் தடுத்து மிச்சம் பண்ணின ஓட்டம் மட்டும் இருபத்திரண்டு. லீக்கிலேயே முதல் இடம். அடிச்சு எடுத்தா என்ன, தடுத்து மிச்சம் பிடிச்சா என்ன? ஓட்டம் ஓட்டம்தானே?"

மூவரில் நடுவில் இருந்த அம்மாள் குறித்துக்கொண்டாள்.  பிங்கம் சொன்னது அத்தனையும் சரி என்று ஹெய்டிக்குத் தெரியும்.

கார்வர் முழங்கையால் இடித்தார். எழுந்தாள். தாளைப் பார்த்தபடியே தொடங்கினாள். 

"அந்த மதிப்பெண்ணை எப்படிப் போடறாங்கன்னு பார்க்கணும். ஒவ்வொரு பந்தும் எவ்வளவு கஷ்டம்னு யாரோ ஒருத்தர் வீடியோ பார்த்து முடிவு பண்றார். அதே பந்தை இன்னொருத்தர் பார்த்தா வேற மாதிரி சொல்வார். எங்கே நிக்கணும்னு பயிற்சியாளர் சொல்றார். பந்து நேரா அங்கேயே வந்தா பெருமை யாருக்கு? கணக்கு எலாதியோவுக்குக் கொடுத்துடுது. ஒரு வருஷத்து எண்ணை வெச்சு ஒண்ணுமே சொல்ல முடியாது. அது அளவுகோலே இல்லை. இழுத்த இழுப்புக்கு வர்ற ரப்பர்."

பேசப் பேசக் குரல் தெளிந்தது. அந்தக் கணக்கின் ஓட்டைகள் ஒவ்வொன்றும் அவளுக்கு மனப்பாடம். தேவைக்கு மேலேயே பேசிவிட்டாள். எதிரே எலாதியோ தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் காபி மேசையருகே அவனே வந்தான்.

"மன்னிச்சுக்கங்க," என்றாள் ஹெய்டி.

"விடுங்க மேடம். உங்க வேலை, பார்த்தீங்க." கோப்பையைச் சுற்றினான். "அந்தக் கணக்கை எவனோ பேர் போடாம இன்டர்நெட்ல விட்டிருக்கான். காலேஜ் பையனா இருக்கும்னு பிங்கம் சொல்வார். முதல் வருஷமே என்னைத் துரத்தப் பார்த்தாங்க. அந்த எண்ணைக் காட்டித்தான் நிறுத்தினோம். அதுவரைக்கும் எல்லாரும் என் மட்டையைத்தான் பார்த்தாங்க. என் கையை முதல்ல பார்த்தவன் அவன்தான். எங்கேயாவது கண்டா ஒரு பீர் வாங்கித் தரணும்."

ஹெய்டி தன் காபியில் மூன்றாவது தடவையாகச் சர்க்கரை போட்டாள். 

மறுநாள் மதியம் கார்வர் போனில் அழைத்தார்.

"ஜெயிச்சுட்டோம். நாற்பத்தொண்ணுதான்."

ஹெய்டி மூச்சு விட்டாள். எலாதியோவின் கைகள் நினைவுக்கு வந்தன. "பெரியவர் என்ன சொன்னார், சார்? நம்பினாரா?"

"நம்பினார்." கார்வரின் குரல் இறங்கியது. "ரொம்பவே நம்பிட்டார்."

"சார்?"

"காலேஜ்ல நீ போட்ட கணக்கைப் பார்த்துத்தானே உன்னை நான் இங்கே கூட்டிட்டு வந்தேன்? அது அவருக்கும் தெரியும். இப்பக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார், ஹெய்டி. "

"என்ன கேட்டார்?"

"'அந்தத் தடுப்பு மதிப்பெண் வெறும் ரப்பர்னா, அதை உருவாக்கினவளுக்கு நான் எதுக்குச் சம்பளம் கொடுக்கணும்?'"