சான்றிதழோடு வரவும்

செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கையில் ஒரு காகிதம்கூட இல்லாமல் வந்து நின்றார் ஜம்புலிங்கம். வாலிபால் கோச் வேலைக்கு வந்திருப்பவர் இவர்தான் என்று நம்பவே தலைமையாசிரியை ஞானசௌந்தரிக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

"சர்ட்டிபிகேட் எங்கே?"

"அதெல்லாம் இல்லம்மா. இருவது வருஷமா அம்பத்தூர் எஸ்டேட்ல பசங்களுக்குக் கத்துக்குடுத்துகினு இருந்தேன். இப்ப கம்பெனிய மூடிட்டாங்க."

போன வருஷமும் இப்படித்தான் வாயை மட்டும் நம்பி ஒருவர் வந்து சேர்ந்தார். ஒரு பெண்ணுக்கு விரல் பிசகியபோது, இழுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று அவர் இழுத்த இழுப்பில், பாவம், அந்தப் பிள்ளை ஒன்றரை மாதம் மாவுக்கட்டோடு அலைந்தாள். ஆவடி பள்ளியிடம் இருபத்தைந்துக்குப் பூஜ்யம் என்று தோற்றது தனி மானக்கேடு.

இந்த வருஷமும் தோற்றால் வாலிபால் மைதானத்தில் சைக்கிள் ஷெட் கட்டிவிடுவேன் என்று தாளாளர் சொல்லிவிட்டார். கள்ளிக்குப்பத்தில் பெண்பிள்ளைகள் ஓடியாட இருப்பதே அந்த ஒரு மைதானம்தான்.

அதனால் ஜம்புலிங்கத்துக்கு ஒரு பாடமே நடத்தினார். படிக்காத டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்வோமா, லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டும் பஸ்ஸில் ஏறுவோமா என்று கேட்டார். அவரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"நீங்க சொல்றது நாயந்தாம்மா. ஆனா எனக்கு யாரு சர்ட்டிபிகேட் குடுப்பாங்க?"

எப்படிக் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே, போய் வரும்படி சொல்லிவிட்டார் ஞானசௌந்தரி.

அதே வேலைக்காக வெளியே பெஞ்சில் ஃபைலோடு காத்திருந்த எட்மண்ட், ஜம்புலிங்கத்தைக் கண்டதும் விறைப்பாக எழுந்து நின்றான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டும்வரை உட்காரவில்லை. பெரியவர்களிடம் இந்தக் காலத்துப் பையனுக்கு இத்தனை மரியாதையா என்று ஜன்னல் வழியாகப் பார்த்த தலைமையாசிரியை அப்போதே ஐந்து மார்க் போட்டுவிட்டார்.

அவன் நீட்டிய சர்ட்டிபிகேட் மீதி மார்க்கையும் வாங்கிக்கொண்டது. லேமினேஷன், ஊதா முத்திரை, ஆறு மாதப் பயிற்சி, முதல் வகுப்பு. அடியில் 'தலைமைப் பயிற்சியாளர்' என்று அச்சடித்த இடத்துக்கு மேலே, கோழி கிளறியதுபோல் ஒரு கையெழுத்து. நாளையிலிருந்து வேலைக்கு வரலாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது? சிஷ்யனே இப்படியென்றால் குரு எப்படிப்பட்டவராக இருப்பார் என்று தோன்றிவிட்டது.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. இதுல கையெழுத்துப் போட்டிருக்காரே, அவரு நம்ம ஸ்கூலுக்கு வருவாரா? அவரே வந்துட்டா மைதானம் தப்பிச்சுடும்."

எட்மண்ட் தலையைச் சொறிந்தான்.

"அவரைத்தான் டீச்சர், சர்ட்டிபிகேட் இல்லைன்னு இப்ப அனுப்பிச்சீங்க."