நீலக் கோட்டுப் பாதங்கள்

கீழக்குயில்குடிக் கண்மாயில் காற்றே இல்லை. சமணர் மலை தண்ணீரில் தலைகீழாகக் கிடக்கிறது. அதன்மேல், ஒடுங்கி நீண்ட வெள்ளைப் பலகையில் நின்றபடி மெர்வின் துடுப்புப் போட்டு வருகிறான். பந்தயத்துக்கென்று அவனே வரைந்து, இழைத்து, பசை பூசிய பலகை. இன்றுதான் முதல்முறையாகத் தண்ணீரில் இறங்கியிருக்கிறது. கரையில் நண்பன் மலையாண்டி கைபேசியில் நேரம் பார்க்கிறான். பலகையின் முனை வானத்தைப் பார்க்கிறது. வால் அமுங்கி, களுக் களுக்கென்று தண்ணீரை இழுக்கிறது. “மாப்ள, ரொம்பப் பின்னாடி நிக்கிற! ஒரு எட்டு முன்னாடி போ!” மெர்வினுக்குத் தெரியாதா? எங்கே நின்றால் பலகை மட்டமாகி வழுக்கிக்கொண்டு போகும் என்று கணக்குப் போட்டவனே அவன்தான். அந்த இடத்தில் இரண்டு சிறிய பாதங்கள் நீல மார்க்கரில் வரையப்பட்டிருக்கின்றன. திருநகர் வீட்டு ஹாலில் பலகையைப் போட்டு, இதை ஓட்டப்போகிற மனைவி ஜெனியை ஏற்றி நிறுத்தி அவன் வரைந்தவை. இடது சுண்டுவிரலருகே கோடு கோணலாக ஓடுகிறது. மார்க்கர் முனை பட்டதும் அவளுக்குக் கூச்சம் தாங்கவில்லை. போன மாதம் காய்ச்சலில் போய்விட்டாள்.

“எம்புட்டு ஸ்லோவா வருது பாரு! முன்னாடி…” மலையாண்டி பாதியில் நிறுத்துகிறான். பலகை கரையை நெருங்கியதும் அவன் கண்ணிலும் அந்த நீலக் கோடுகள் பட்டுவிட்டன. கைபேசியைச் சட்டைப் பைக்குள் போடுகிறான். “மெதுவாவே வா மாப்ள,” என்கிறான். வால்பக்கம் ஏறும் தண்ணீர் மெர்வினின் கணுக்காலை நனைக்கிறது. முன்னால், அந்த இரண்டு பாதங்களில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை.