பாலத்தின் இடைவெளி

பொறியியல் நுழைவுத் தேர்வில் இப்போது ஆளுக்கொரு வினாத்தாள். தேர்வுத் துறை பிள்ளையின் மணிக்கட்டில் கட்டிவிடும் பட்டை வருடம் முழுக்க அதன் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பிள்ளைக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுக்குத் தாளும் கடினமாகும். தாள் கடினமானாலும் எளிதானாலும் மதிப்பெண் மட்டும் எல்லோருக்கும் ஒரே கணக்குதான். அதனால் விவரம் தெரிந்த வீடுகளில் பிள்ளைகளுக்கு எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை.

மரகதவல்லி பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவள். வீட்டுக்குள் வந்தால் வாயைப் பூட்டிக்கொள்வாள்.

ஒருநாள் மேம்பாலத்தில் பேருந்து தடக்கென்று குலுங்கியது. "ஏம்மா, பாலத்துக்கு நடுவுல எதுக்கு இடைவெளி விட்டிருக்காங்க?" என்று மகள் இழைநிலா கேட்டாள்.

வெயிலில் பாலம் நீளும் என்ற பதில் மரகதவல்லியின் நுனி நாக்குவரை வந்துவிட்டது. மகளின் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"தெரியலையேடி."

அதற்குப் பிறகும் இழைநிலா எதையெதையோ கேட்டாள். எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். போகப்போக அவள் கேட்பதும் குறைந்தது. நல்லதுக்குத்தான் என்று மரகதவல்லி மனசைத் தேற்றிக்கொண்டாள்.

தேர்வு முடிந்து வெளியே வந்த இழைநிலா, "ரொம்ப ஈஸிம்மா" என்றாள். பட்டையை வாசலிலேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் அதே மேம்பாலம். பேருந்து தடக்கென்று குலுங்கியதும் மரகதவல்லிக்குப் பொறுக்கவில்லை.

"அன்னிக்குக் கேட்டியேடி, இந்த இடைவெளி எதுக்குன்னு. இப்ப சொல்லட்டுமா?"

இருக்கையில் கண்மூடிச் சாய்ந்திருந்த இழைநிலா, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"எதுக்கும்மா? அதான் பரீட்சை முடிஞ்சிருச்சே."