பயன்படுத்தாமை விதி

கரும்பலகையில் கிவிப் பறவையை வரைந்துகொண்டிருந்தாள்.

உடம்பு வந்துவிட்டது. இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாய் ஒரு கோடு.

"மிஸ், கோழிக்குஞ்சு மாதிரி இருக்கு."

பிளஸ் டூ வகுப்பே சிரித்தது. அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

விடுப்பு முடியும் முன்பே வந்துவிட்டாள். மிஸ்ஸிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருந்தார்கள்.

படத்தின் பக்கத்தில் லாமார்க் என்று எழுதினாள். கீழே விதி.

பயன்படுத்தும் உறுப்பு வளரும். பயன்படுத்தாத உறுப்பு சுருங்கும். பிறகு மறையும்.

வருடா வருடம் எழுதும் வரிதான். இன்று கை நின்றது.

மார்பு கனத்தது.

பின்பெஞ்சில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"ஏய், மல்லிப்பூ வாசனை! எவடி பூ வச்சுட்டு வந்தது?"

ஒருத்தி தலையை இன்னொருத்தி பார்த்தாள். யார் சடையிலும் பூ இல்லை. மிஸ்ஸின் கொண்டையிலும் இல்லை.

பூ ரவிக்கைக்குள் இருந்தது.

காலையில் அம்மா வைத்துக் கட்டியது. துணியை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "மல்லி வச்சா பால் வத்திரும்மா."

குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவேயில்லை.

பெயர் வைத்திருக்கவில்லை. கண் படும் என்று படம் எடுக்கவில்லை. சுற்றியிருந்த துணியையும் சேர்த்தே புதைத்துவிட்டார்கள்.

பால் மட்டும் வந்துகொண்டிருந்தது.

குளியலறையில் பிழிந்து விடுவாள். உடனே தண்ணீர் ஊற்ற மாட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

வற்ற வேண்டாம் என்றிருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை.

முன்பெஞ்சு ஆக்னஸ் எழுந்தாள்.

"மிஸ், யூஸ் பண்ணலன்னா எப்போ மிஸ் மறையும்?"

சாக்பீஸ் விரலில் அழுந்தியது.

"ஒரு ஆயுசுல மறையாது. பல தலைமுறை ஆகணும்."

யாரும் கேட்காமலே இன்னொரு முறை சொன்னாள்.

"ஒரு ஆயுசுல மறையாது."

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

ஆக்னஸ் உட்காரவில்லை. புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் எப்போதும் பாடத்துக்கு முன்னால் போகிறவள்.

"ஆனா மிஸ், இந்தக் கொள்கையே தப்புன்னு போட்டிருக்கே மிஸ், அடுத்த பக்கத்துல?"

கரும்பலகையை விட்டு மேஜைக்கு வந்தாள். விரித்து வைத்திருந்த தன் புத்தகத்தை மூடினாள்.

"அடுத்த பக்கம் நாளைக்கு."