தேய்மானம்

தாராவியில் கரீம் பாட்சாவின் பட்டறையில் மின்கம்பி நுனியில் செம்புக் குழாயை மாட்டி, கைப்பிரஸ்ஸில் வைத்து அமுக்கிக் கொடுப்பார்கள். அமுக்குவது பிரஸ்ஸின் வாயிலுள்ள எஃகு அச்சு. வெள்ளிக்கிழமை ஆண்கள் ஜும்மாவுக்குப் போனதும், அவர் தங்கை ஆபிதா அச்சுகளை மண்ணெண்ணெயில் கழுவி, மூடிய வாய்க்குள் அளவு ஊசியை விட்டுப் பார்ப்பாள். ஊசி நுழைந்தால் அச்சு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். தூக்கிப் போட வேண்டியதுதான்.

அவள் கணவன் காசிம் அறுபத்து நாலாம் வருஷ மழையில் காய்ச்சல் கண்டு மௌத்தானான். விதவை வீட்டோடு இருக்கும் நாலு மாத இத்தா முடிந்து பட்டறைக்கு வந்தவள், அங்கே அவன் அமுக்கிவந்த அச்சை யாரையும் தொட விடவில்லை. எண்ணெய் தடவி பிஸ்கட் டப்பாவில் வைத்துப் பூட்டினாள். சாவி அவள் முந்தானையில் இருந்தது.

அதையும் வாராவாரம் எடுத்துச் சோதித்தாள். முதலில் ஊசியின் முனைகூட நுழையவில்லை. ரம்ஜானுக்கு முனை நுழைந்தது. அடுத்த மழைக்குப் பாதி. திறக்கும்போதெல்லாம் அச்சின் வாயில் புதுச் செம்புத்தூள் மின்னியது. அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் துடைப்பாள்.

இந்த வெள்ளிக்கிழமை ஊசி முழுதாக உள்ளே போயிற்று.

தொழுகை முடிந்து வந்த அண்ணனிடம் சொன்னாள்: "அவுக அச்சு தேஞ்சு போச்சுண்ணே."

கரீம் பாட்சா தானும் ஊசியை விட்டுப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். காகிதம் பிரிக்காத புது அச்சு ஒன்றை எடுத்து, எண்ணெய் தடவி, டப்பாவில் வைத்தார்.

"மச்சான் எப்பவுமே இறுக்கி அமுக்குவாரு. கொஞ்சம் மெதுவா அமுக்கச் சொல்லு."

"எங்கிட்ட வந்தாத்தானண்ணே சொல்ல முடியும்" என்றாள் ஆபிதா, டப்பாவைப் பூட்டிக்கொண்டே.