கிணற்றுத் தீட்டு

தோட்டத் தொழிலாளருக்கு வாக்குரிமை பறிபோன சேதி வந்தபோதுகூட மேட்டு லயத்து வீட்டு வரிசை வாசலில் இத்தனை பேர் கூடியதில்லை.

"மறுபடி சொல்லுடா!"

"நான்தாங்க. உங்க கெணத்துல வாளிய எறக்கி, மொண்டு குடிச்சேன்."

சொன்னவன் பள்ளத்து லயத்துச் சோலைமலை. தேயிலைக்குப் பூச்சி மருந்து அடிக்கிறவன். யாரும் அவனைப் பார்க்கவில்லை, பிடிக்கவுமில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது தானாகவே வந்து சொன்னான்.

மேட்டு லயத்துக் கிணற்றில் பள்ளத்து லயத்தான் நிழல்கூட விழக் கூடாது. எல்லோரும் இந்தியாவிலிருந்து ஒரே தோணியில் இலங்கைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான். ஆனால் வரும்போது சாதியை மட்டும் மறக்காமல் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"அதான் எம் புள்ள வாந்தியா எடுத்துக்கிட்டுக் கெடக்குதா!" என்று பாய்ந்தான் கந்தப்பன்.

மேட்டு லயத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளை அப்படித்தான் சுருண்டு கிடந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சிவப்பு மருந்தைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். எந்த டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாத நோய்க்கு இன்றைக்குக் காரணம் தெரிந்துவிட்டது. பேரோடும் லயத்தோடும்.

சங்கத் தலைவர் ஆண்டியப்பன் முன்னால் வந்தார். தொழிலாளர் எல்லாம் ஓர் இனம் என்று ராகலை மே தினக் கூட்டத்தில் தொண்டை கட்டப் பேசியவர்.

"கட்டுங்கடா அவன!"

கொய்யா மரத்தில் கட்டி வைத்து இடுப்பு வாரால் வெளுத்தார்கள். ஆளுக்கு ஆள் வாரைக் கை மாற்றிக்கொண்டார்கள். அந்த ஒற்றுமையைப் பார்த்துத் தலைவருக்கே பெருமையாக இருந்திருக்கும்.

கோயில் பூசாரி தீர்ப்புச் சொன்னார். கிணற்றைக் கடைசிச் சொட்டுவரை இறைக்க வேண்டும். சேற்றைச் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பு பூச வேண்டும். அப்புறம் பூசை. பூசை முடியும்வரை ஒரு பிள்ளை வாயிலும் அந்தத் தண்ணீர் படக் கூடாது.

"அதுவரைக்கும் குடிக்கிறதுக்கு?"

"ஆத்துலேருந்து சுமங்க."

சேறு அள்ளுகிற வேலையென்றால் பள்ளத்து லயத்துக்குத்தான் ஆள் போகும். இன்றைக்கு அதற்கும் வழியில்லை. அவர்கள் இறங்கினால் மறுபடி தீட்டு! ஆகவே மேட்டு லயத்தார் வேட்டியை மடித்துக் கட்டி, தாங்களே இறங்கினார்கள். கட்டை அவிழ்த்துவிட்ட குற்றவாளி மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"கெணத்த மட்டுந்தானடா தொட்ட?" என்றார் தலைவர்.

சோலைமலை தலையைச் சொறிந்தான்.

"கெணத்துக்குத் தண்ணி வர்ற மேல ஊத்துக்கிட்டயும் காலு கழுவுனேனுங்க. அங்கன சுத்திச் சுத்தி மிதிச்சிட்டேன்."

இன்னும் நாலு அடி விழுந்தது. பிறகு மண்வெட்டிகளோடு எல்லோரும் மேடேறினார்கள். அவன் தூரத்தில் நின்று கையைக் காட்டினான்.

"அங்க இல்லீங்க, கொஞ்சம் அங்கிட்டு... ஆமாங்க. அங்கதான். இன்னுங் கொஞ்சம் ஆழமா..."

"மிதிச்சதுக்கு எதுக்குடா ஆழம்?"

"தீட்டு கீழ எறங்கியிருக்கும்ல சாமி?"

பூசாரி யோசித்துப் பார்த்து, "எறங்கும்" என்றார்.

வெட்டினார்கள். மண்வெட்டி தகரத்தில் மோதியது. துருப்பிடித்து ஓட்டை விழுந்த பூச்சி மருந்துப் பீப்பாய்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மூக்கைத் துளைக்கிற வாடை.

"தோட்டத்துச் சாமான். ஸ்டோர் பக்கம் உருட்டி விடுங்க" என்றார் தலைவர். "இவன் மிதிச்ச மண்ண மொதல்ல அள்ளுங்கப்பா!"

ஊறிப்போன மண்ணை அள்ளி, தூரத்தில் ஒரு குழி வெட்டிக் கொட்டி மூடினார்கள். பீப்பாயை யார் புதைத்தது, ஏன் புதைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மனிதன் கால் பட்டிருக்கும்போது தகரத்தைப் பற்றி யாருக்குக் கவலை?

கிணற்றில் ஊறியதை மறுபடி மறுபடி இறைத்தார்கள். பூசை நடந்தது. பிள்ளைகளுக்கு வாந்தி நின்றது. கந்தப்பன் மகள் எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டாள்.

"பாத்தீங்களா? தீட்டுக் கழிஞ்சிச்சு, நோவும் போயிருச்சு" என்றார் பூசாரி. அவருக்கு ஒரு சேவல் கிடைத்தது.

சோலைமலைக்கு முதுகுப் புண் மட்டும் ஆறவில்லை. வேப்பெண்ணெய் தடவிக்கொண்டே அவன் மனைவி காளியாயி பொருமினாள்.

"நம்ம பீலியில தண்ணி ராவும் பகலும் கொட்டுது. அவுங்க கெணத்துல போயி ஏன்யா கைய வச்ச?"

"மெதுவா தடவு புள்ள... அந்தப் பீப்பாயப் பொதச்சதே நாந்தான். மருந்து கெட்டுப்போச்சு, ஊத்துக்கு மேல பொதைன்னு நம்ம வேலைய மேய்க்கிற கண்டாக்கையா சொன்னாரு. பொதச்சேன். புள்ளைங்க வாந்தி எடுக்கவும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. தலைவர்கிட்ட ஓடிப் போயி, தண்ணியில வெஷம் எறங்குதுங்கன்னு சொன்னேன். தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு, போடான்னுட்டாரு. கண்டாக்கையா, வெளிய சொன்னா வேலையிலேருந்து பேரை வெட்டிப்புடுவேன்னாரு."

காளியாயியின் கை நின்றது.

"அதுக்கு? அவுங்க கெணத்த நீ தொடணுமாக்கும்?"

"தொடுறதா?" சிரிக்கப் பார்த்தான். முதுகு இழுத்தது. "ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? வெஷம்னு தெரிஞ்ச தண்ணிய எவனாச்சும் தொடுவானா?"