ஏழாவது வாழை

குளிர் தாக்கினால் இலை வாடும் முன்பே பச்சையம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதுதான் பிரகதீஸ்வரியின் ஆராய்ச்சி. இலையைச் சற்று நேரம் இருட்டில் மூடிவைத்து ஒளி பாய்ச்சினால், பச்சையம் திருப்பி உமிழும் சிவப்பொளியைக் கருவி அளக்கும். நல்ல இலைக்கு 0.8 வரும். ஆய்வகத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்த இலைக்கு 0.3தான் வந்தது.

ஒப்பிட்டுப் பார்க்கக் குளிரே அறியாத வாழை வேண்டுமென்று மே மாத வெயிலில் ஜெகதாப்பட்டினம் கடற்கரைக்கு வந்தாள். மீனுக்கு ஐஸ்கட்டி செய்து, பல வருடமாய் மூடிக்கிடந்த ஐஸ் பிளான்ட் சுவரோரம், மீன் விற்கும் மூக்காயி பத்து வாழை வைத்திருந்தாள். ஒன்பதுக்கு 0.8 வந்தது. ஏழாவதுக்கு 0.3. மூன்று நாள் அளந்தும் அதே எண்தான்.

"மெஷின் கோளாறும்மா. அந்த ஒன்ன கணக்குலேருந்து எடுத்துருங்க," என்றார் ஆராய்ச்சி நெறியாளர் போனில்.

"எலையத் தொட்டேன் சார், வெரல் வெறச்சுப்போச்சு. எடுக்க மாட்டேன்."

"இந்த வெயில்ல குளிர்னு எழுதினா பட்டம் கெடைக்காது."

"கெடைக்காட்டிப் போகுது சார்."

போனை வைத்துவிட்டு, 0.3 என்று பேனாவால் அழுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மூக்காயி பக்கத்தில் வந்து நின்றாள்.

"நம்ப மாட்டேங்குறாகளா?"

"ஆமாக்கா."

"நம்பாட்டிப் போறாக. செத்த இங்கிட்டுத் தள்ளி ஒக்காருங்க."

ஏழாவது வாழையடியில் கிடந்த சருகை விலக்கி, முந்தாநாள் போட்டுவைத்து, இப்போது உறைந்து வெண்பனி பூத்திருந்த இரண்டு மீன்களை எடுத்து, ஒன்றோடொன்று தட்டிக் காட்டினாள். விறகுக்கட்டைகள் மோதுவதுபோல் சத்தம் கேட்டது.